பிறர் கோலத்தில் தன் முகம்

சென்ற ஆண்டு நமது பங்கில் விழா மலர் ஒன்று வெளியிட ஏற்பாடாயிற்று. பங்கின் அன்புப்பணிகளை அதில் காட்ட வேண்டும் என்று இளைஞர் குழுவினர் நிழற்படங்கள் பலவற்றைக் கொண்டுவந்து மேசைமேல் பரப்பினர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் கைம்பெண்களுக்குச் சேலை வழங்கியபோது எடுத்த படம் ஒன்று அவற்றுள் இருந்தது. நாம் புன்னகையோடு சேலையை நீட்டி நிற்கிறோம். எதிரே, கிளை ஊர் ஒன்றைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர். இரு கைகளையும் நீட்டியிருக்கிறார். முகத்தை மட்டும் ஒருபுறமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறார். முழுப் பக்கத்தில் போடத் தக்க படம் என்றனர் இளைஞர்கள். நாமும் இசைந்தோம்.

செய்தி எப்படியோ அம்மூதாட்டிக்கு எட்டிவிட்டது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வந்து நின்றார்.

"அந்தப் படத்தைப் போட வேண்டாங்க சாமி."

"ஏம்மா? உங்க முகம் அதுல சரியாத் தெரியவே இல்லையே!"

"மொகந் தெரியாட்டி என்னங்க சாமி, வாங்குற கை தெரியுதுங்களே."

விடை சொல்ல வாய் வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மறையுரை ஆற்றிவரும் நமக்கு, ஏழையின் மாண்பைப் பற்றி அன்று அவர் ஆற்றிய மறையுரை ஒரே வரியில் முடிந்துவிட்டது.

அந்த வாரத்திலேயே, நண்பரான குரு ஒருவருடைய நூலகத்தில் இந்திய ஓவியம் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் மற்றொரு பெண்ணைக் கண்டோம். அது அம்ரிதா ஷெர்கில் 1934-ஆம் ஆண்டு பாரிசில் தைல வண்ணத்தில் தீட்டிய தன்னுருவ ஓவியம். தாகித்தித் தீவுப் பெண்ணாகத் தன்னுருவம் என்பது அதன் பெயர். ஏறத்தாழ மூன்றடி உயரமுள்ள அந்த ஓவியத்தின் அச்சுப்படியைத்தான் நாம் கண்டோம். கண்ட நாள்முதல் மூதாட்டியின் சொல்லும் ஓவியரின் முகமும் நம் நெஞ்சில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. அந்த உரையாடலில் நாம் கேட்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓவியரை அறிந்துகொள்வோம். அம்ரிதா 1913 ஜனவரி 30 அன்று அங்கேரி நாட்டுத் தலைநகராம் புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில், பஞ்சாபின் சீக்கியப் பெருநிலக் குடும்பத்தவர். சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். தாய் மரி அந்துவானெத், அங்கேரியப் பாடகி. குழந்தைக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. 1921-இல் குடும்பம் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் குடியேறியது. அங்கே கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்ற சிறுமி, தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னதால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். 1929-இல் பாரிசுக்குச் சென்று ஓவியம் பயின்றார். 1932-இல் தீட்டிய இளம்பெண்கள் என்னும் ஓவியத்துக்கு மறு ஆண்டே அந்நகரின் பெருங்கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். 1934-இன் இறுதியில் தாயகம் திரும்பினார். 1941 டிசம்பர் 5 அன்று லாகூரில், தனிக் கண்காட்சி ஒன்று தொடங்கவிருந்த வேளையில், 28 வயதில் மறைந்தார்.

1954-இல் டில்லியில் திறக்கப்பட்ட தேசிய நவீன ஓவியக் கூடத்தில் அவருடைய ஓவியங்கள் தலையாய இடம் பெற்றன. 1976-இல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைச் செல்வங்கள் என அரசால் அறிவிக்கப்பட்டன. 2023-இல் அவருடைய ஓவியம் ஒன்று 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. விலையைக் குறிப்பிடுவது வியப்பதற்காக அன்று. ஓர் ஓவியத்தின் விலையைப் பேசுவது எளிது, அது நம்மிடம் கேட்கும் கேள்வியைப் பேசுவது அரிது என்பதை நினைவூட்டவே.

திருச்சபையின் திருமுழுக்கைப் பெற்று அதன் வாயிலைவிட்டு வெளியேறிய ஒருவரைப் பற்றி மறைமாவட்ட இதழில் எழுதுவது தகுமா என்று சிலர் நினைக்கலாம். நம் எண்ணம் வேறு. வீட்டைவிட்டுச் சென்ற பிள்ளை எழுதும் கடிதத்தை வீட்டார்தாம் முதலில் படிக்க வேண்டும்.

தன்னுருவ ஓவியம் என்றதும் தற்பெருமை என்றே பலர் கருதுவர். கையிலுள்ள கைபேசியைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து நாளுக்குப் பத்துப் படம் எடுக்கும் காலத்தில் அவ்வாறு கருதுவது இயல்பே. ஆனால் ஓவியன் கண்ணாடிக்கு முன் அமர்வது அத்தகையது அன்று. நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில், தன் முகத்தையே தான் உற்று நோக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே விழுந்த நிழலுக்கும் நிறம் தேட வேண்டும். இரவு செபத்துக்கு முன் நாம் செய்யும் ஆன்மச் சோதனைக்கு இது நெருங்கிய உறவு. ஆன்மச் சோதனையில் பொய் சொல்ல இடமுண்டு. தன்னுருவ ஓவியத்திலும் உண்டு. இரண்டிலும் பொய்யை முதலில் அறிபவர் நாமே.

ருமேனிய நாட்டு ஓவியர் ஸ்டெபான் லுக்கியான் 1907-இல் தம் உருவத்தைத் தீட்டினார். நரம்பு நோயால் அவர் உடல் சிறிது சிறிதாகச் செயலிழந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஓவியத்துக்கு அவர் தம் பெயரை இடவில்லை. சுவருக்கும் ஆலயத்துக்கும் வண்ணம் பூசும் எளிய தொழிலாளியை அந்நாட்டு மக்கள் எந்தச் சொல்லால் அழைப்பரோ, அந்தச் சொல்லையே தலைப்பாக்கினார். தம்மைக் கலைஞர் என்று உயர்த்திக்கொள்ள வேண்டிய இடத்தில் வண்ணம் பூசுகிறவன் என்று தாழ்த்திக்கொண்டார். நான் யார் என்னும் கேள்விக்கு, நான் யாரோடு நிற்கிறேன் என்பதை விடையாகச் சொல்வது ஒரு மரபு. லுக்கியான் அவ்வாறு விடை சொன்னவர். அம்ரிதாவின் விடையும் அவ்வகையைச் சேர்ந்ததே.

இனி ஓவியத்தைப் பார்ப்போம்.

இளம்பெண் ஒருத்தி சற்றே பக்கவாட்டில் திரும்பி நிற்கிறாள். கூந்தல் இழுத்துக் கட்டப்பட்டுப் பின்னே தொங்குகிறது. மேலாடை இல்லை, இடையில் வெண்துணி. கைகள் முன்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. மேனியின் நிறம் பழுப்பு; அதைப் பொலிவாக்கிக் காட்டும் முயற்சி எதுவும் இல்லை. கண்கள் நம்மைப் பார்க்கவில்லை. ஓவியத்துக்கு வெளியே எங்கோ நிலைகொண்டிருக்கின்றன. முகத்தில் அழைப்பும் இல்லை, அழுகையும் இல்லை. பின்புறச் சுவரில் கீழை நாட்டு ஓவியப் பாணியில் சிற்றுருவங்கள் தெரிகின்றன. அவளுக்குப் பின்னால், அவளைவிடப் பெரிதாக, ஓர் ஆணின் நிழல் விழுந்திருக்கிறது. நிழலுக்கு உரியவன் ஓவியத்தில் இல்லை. அவன் நிற்க வேண்டிய இடம் ஓவியத்துக்கு முன்னே, அதாவது பார்வையாளராகிய நாம் நிற்கும் இடத்தில்.

ஆடை குறைந்த உருவத்தைப் பற்றிப் பங்குக்குரு எழுதுவதா என்ற தயக்கம் நமக்கும் இருந்தது. அத்தயக்கத்துக்கு வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயமே விடை தருகிறது. மைக்கலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை அங்கே தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தில் புனிதர்களையும் ஆடையின்றியே படைத்தார். திரெந்துப் பொதுச்சங்கத்துக்குப் பின் 1565-இல் வேறோர் ஓவியரைக் கொண்டு அவ்வுருவங்களுக்குத் துணி தீட்டுவித்தனர். அந்த ஓவியம் தூய்மை செய்யப்பட்டு 1994 ஏப்ரல் 8 அன்று மீண்டும் காட்சிக்கு வந்தபோது, அவ்வாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், அதனை மனித உடலின் இறையியலுக்கான திருத்தலமாகவே கண்டு மறையுரை ஆற்றினார். உடலைக் காட்டுவது பாவம் அன்று. உடலுக்குரியவரை மறைத்துவிட்டு உடலை மட்டும் பார்ப்பதே பாவம். அதே ஓவியத்தில், தோல் உரிக்கப்பட்டு உயிர்நீத்த புனித பர்த்தலமேயுவின் கையில் தொங்கும் தோலில் மைக்கலாஞ்சலோ தம் சொந்த முகத்தைத் தீட்டியிருக்கிறார் என்பது அறிஞர் பலர் ஏற்ற கருத்து. தீர்ப்பு நாளில் தமக்கு உரிய இடமாக அவர் தேர்ந்தது, ஒரு மறைசாட்சியின் கையில் தொங்கும் வெறுந்தோலை!

அம்ரிதா ஏன் தாகித்திப் பெண்ணின் கோலத்தைத் தேர்ந்தார்? இங்கேதான் பிரெஞ்சு ஓவியர் பால் கொகேன் வருகிறார். 1891-இல் அவர் ஐரோப்பாவைத் துறந்து, அப்போது பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தாகித்தித் தீவுக்குச் சென்றார். 1903-இல் அப்பகுதித் தீவொன்றிலேயே இறந்தார். தீவுப் பெண்களை அவர் தீட்டிய ஓவியங்கள் வண்ணத்தாலும் அமைதியாலும் உலகப்புகழ் பெற்றவை. அவற்றின் பெருமையை அம்ரிதாவும் போற்றினார், நாமும் மறுக்கவில்லை. ஆனால் பதின்மூன்று வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தியோடு வாழ்ந்ததாகக் கொகேனே எழுதிவைத்திருக்கிறார். அவ்வோவியங்களில் பார்ப்பவர் ஒருவர், பார்க்கப்படுபவர் வேறொருவர். பார்க்கப்பட்டவள் தன்னை எவ்வாறு கண்டாள் என்பதைச் சொல்லும் ஓவியம் ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை.

கொகேனும் தன்னுருவ ஓவியங்கள் தீட்டியவரே. 1889-இல் ஒலிவத் தோட்டத்தில் கிறிஸ்து என்னும் ஓவியத்தை வரைந்தார். துயருற்றுத் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் இயேசு பெருமானுக்கு அவர் கொடுத்த முகம் தம்முடையது. உலகம் தம்மைப் புரிந்துகொள்ளவில்லை, நண்பர்கள் கைவிட்டனர் என்னும் மனக்குறையை ஆண்டவரின் வியர்வையோடு கலந்துவிட்டார்.

இப்போது இரண்டு ஓவியங்களையும் மனக்கண்முன் அருகருகே வைத்துப் பாருங்கள். கொகேன் தம்மைக் கிறிஸ்துவின் இடத்தில் வைத்தார். அம்ரிதா தம்மைக் கொகேன் பார்த்த பெண்ணின் இடத்தில் வைத்தார். ஒருவர் மீட்பரின் முகத்தை எடுத்துத் தமக்கு அணிந்துகொண்டார். மற்றவர் தம் முகத்தை எடுத்துப் பெயரற்ற ஒருத்திக்கு அளித்தார். மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில், தீர்ப்பு நாளில் ஆண்டவர் தம்மை எங்கே தேடச் சொல்கிறார் என்பதை நாம் அறிவோம். பசித்தவரிடமும் ஆடையற்றவரிடமும் சிறைப்பட்டவரிடமும் அன்றோ தேடச் சொல்கிறார்! அவ்வாறாயின் இவ்விரு ஓவியங்களுள் கிறிஸ்துவுக்கு நெருங்கியது எது? கிறிஸ்துவின் பெயரைத் தாங்கிய ஓவியமா, அப்பெயரைச் சொல்லாத, நம்பிக்கையை விட்டு விலகிய பெண்ணின் ஓவியமா? நம் உள்ளம் இரண்டாவதையே சுட்டுகிறது.

நிற்க. புகழ்ந்ததோடு முடித்துவிட்டால் அது திறனாய்வு ஆகாது. இந்த ஓவியத்திலும் குறை உண்டு. அம்ரிதா தாகித்திப் பெண் அல்லர். அவர் வேண்டியபோது அணிந்து, வேண்டாதபோது களையக்கூடிய கோலம் அது. தீவுப் பெண்ணுக்கு அந்த விருப்புரிமை இல்லை. செல்வக் குடும்பத்தில் பிறந்து, பாரிசின் கலைக்கூடங்களில் பயின்றவர் அவர். அவர் தம் முகத்தை அளித்தார் என்பது உண்மை. ஆனால் அதனால் தீவுப் பெண்ணின் முகம் இன்னொரு முறை மறைந்தது என்பதும் உண்மை. இரவல் வாங்கிய துயரம் எளிதில் அலங்காரமாகிவிடும்.

ஆயினும் இந்த ஓவியம் அலங்காரமாகிவிடாமல் காப்பவை இரண்டு. ஒன்று, அந்த நிழல். தம்மைப் பார்ப்பவன் ஒருவன் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அவன் நிழலில் நிற்பது எப்படி இருக்கும் என்பதையே தீட்டியிருக்கிறார். மற்றொன்று, திருப்பிய முகம். தீவின் இன்பத்தைத் தேடி வருபவருக்கு அந்த முகத்தில் எதுவும் கிடைக்காது. உடலைக் கண்டாய், உள்ளே வர உனக்கு உரிமை இல்லை என்று சொல்லாமல் சொல்லும் முகம் அது. பிறர் கோலத்தை ஏற்றவர், அக்கோலத்தில் நிற்பவருக்கு நேரும் கூச்சத்தையும் சேர்த்தே ஏற்றிருக்கிறார். 21 வயதுப் பெண்ணின் கைக்கு இது பெரிய செயல்.

அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. இந்தியா திரும்பியபின் அவர் தெற்கே குமரிமுனைவரை பயணம் செய்தார். கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் அமர்ந்து பயின்றார். 1937-இல் தென்னிந்திய மக்களைப் பற்றிய மூன்று பெரிய ஓவியங்களைத் தீட்டினார். சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார் என்பது அவற்றுள் ஒன்று. கரிய மேனியர், வெண்ணிற ஆடையர், சிரிப்பற்றவர். அவர்களும் நம்மைப் பார்த்துப் பல்லிளிக்கவில்லை. ஏழைகளை இரக்கத்துக்குரியவராகவோ அழகுக் காட்சியாகவோ காட்டும் வழக்கத்தை அவர் ஒதுக்கினார். பாரிசில் தம் முகத்தில் தீட்டிப் பழகிய அந்த விலகிய பார்வையை நம் நாட்டு உழைப்பாளிகளின் முகத்தில் மீண்டும் கண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அந்த ஓவியத்தைக் காணும்போது நமது சேந்தமங்கலத்துச் சாலைதான் நினைவுக்கு வருகிறது. கொல்லிமலையிலிருந்து பலாவும் மலைவாழையும் மிளகும் இறங்கி வருகின்றன. அவற்றோடு மலையாளி மக்களும் இறங்கி வருகின்றனர். புதன்சந்தைக்கு மாடு ஓட்டிச் செல்வோரையும் காண்கிறோம். விலை பேசுகிறோம், குறைத்துக் கேட்கிறோம், வாங்கிப் பையில் இடுகிறோம். சுமந்து வந்தவரின் முகத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? அவர் நிற்கும் இடத்தில் நாம் நின்றால் எப்படி இருக்கும் என்று எத்தனை முறை எண்ணியிருக்கிறோம்?

பிறர் கோலத்தை ஏற்பது என்னும் இக்கேள்வி நம் ஊருக்குப் புதியதும் அன்று. தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி அடிகள், காவியுடுத்த துறவியாக, 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலத்துக்கு வந்தார். இங்கே ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்போடு வரவேற்றார். பின்னர் அடிகள் சேலத்துக்குச் சென்றார். அவ்வாண்டின் ஜனவரியில்தான், திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, புதிய கிறிஸ்தவர்கள் பூணூல் முதலியவற்றை அணிய இசைவு அளித்து, ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கை முடித்திருந்தார். அடிகள் அணிந்தது வேடமா, கோலமா என்பதே அவ்வழக்கின் உட்பொருள். இரண்டுக்கும் வேறுபாடு என்ன? வேடத்தைக் காட்சி முடிந்ததும் களைந்துவிடலாம். கோலமோ, உண்ணும் உணவையும் உறங்கும் தரையையும் மாற்றிவிடுகிறது. அடிகள் மரக்கறி உண்டு, தமிழில் எழுதி, சாகும்வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தார். அவருடைய முறையிலும் குறை உண்டு. அவர் ஏற்ற கோலம் உயர்குலத்தாரின் கோலம், தாழ்த்தப்பட்டோரின் கோலம் அன்று. அக்குறையை நாம் இன்னும் முழுமையாகத் தீர்த்துவிடவில்லை. அம்ரிதாவின் ஓவியத்தையும் அடிகளின் காவியையும் ஒருசேர எண்ணும்போது ஒன்று தெளிவாகிறது. பிறர் கோலத்தை ஏற்க விரும்புகிறவர், அக்கோலத்தின் மதிப்பை மட்டும் ஏற்றால் போதாது. அதன் இழிவையும் ஏற்க வேண்டும். இறைமகன் மனிதரானபோது செய்தது அதுவே. அவர் மேனிக்கு மாட்டுத்தொழுவமும் வந்தது, ஆடை உரிந்த சிலுவையும் வந்தது.

மீண்டும் விழா மலருக்கு வருவோம். மூதாட்டி சொன்னதன் பொருள் ஓவியத்தைக் கண்ட பின்பே நமக்கு முழுதும் விளங்கியது. அந்நிழற்படத்தில் நாம் நின்ற இடம் எது? ஓவியத்தில் நிழலுக்குரியவன் நிற்கும் இடம். சேலையை நீட்டிய கை நம்முடையது. அதைக் காட்ட விரும்பிய கண்ணும் நம்முடையது. மூதாட்டிக்கு எஞ்சியிருந்த உரிமை, முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒன்றுதான். அதை அவர் பயன்படுத்தினார். அவ்வுரிமையையும் அச்சிட்டுப் பறிக்க இருந்தோம்.

படத்தை எடுத்துவிட்டோம். அந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்கு உதவி செய்யப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்னும் கணக்கை மட்டும் அச்சிட்டோம். இதனைச் சொல்ல அம்மூதாட்டியின் வீட்டுக்கே சென்றோம். கேட்டுக்கொண்ட அவர் சற்றுத் தயங்கினார்.

"படம் எடுக்கிறது தப்புன்னு சொல்லலீங்க சாமி. எங்கிட்ட எம் படம் ஒண்ணுகூட இல்லீங்க. நாளைக்கு நா செத்தா வெக்கிறதுக்கு வேணும்."

உடன் வந்த இளைஞரிடம் படக்கருவி இருந்தது. மூதாட்டி உள்ளே போய் முகம் கழுவி, தலை வாரி, பெட்டியிலிருந்த நீலச் சேலையை உடுத்தி வந்தார். அது நாம் கொடுத்த சேலை அன்று. திண்ணையில் எங்கே அமர்வது என்று அவரே முடிவு செய்தார். பேரனை அருகில் நிற்கச் சொன்னார். கோழிக்கூடு தெரியக்கூடாது என்றார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, படக்கருவியை நேராகப் பார்த்தார்.